வலது குழாயில் வைத்த சென்சார்

சித்தூர் பைபாஸில் நானும் நாகேந்திரனும் பதினான்கு வருஷம் ஒரே ஷெட்டில் மெக்கானிக் வேலை பார்த்தோம். குவைத்துக்கு விசா வந்ததும் தன் பழைய வெளிநாட்டுக் காரை எனக்கே விற்றான். எங்க ஊர் குடிபாலாவில் எங்கப்பா கூலி வேலை செய்து வாங்கிய அரை ஏக்கர் நிலத்தை விற்றுத்தான் அதை வாங்கினேன். திருப்பதிக்கு டாக்ஸி ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்த பெரிய புத்திசாலி நான்.

அந்தக் காரில் இன்ஜினின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிப் புகைக்குழாய். நடுவில் ஓரிடத்தில் கொஞ்சம் கூடிப் பிரியும்; பெரும்பாலும் அந்தந்தப் பக்கத்துப் புகை அந்தந்தப் பக்கமே வெளியே போகும். பெட்ரோல் சரியாக எரிகிறதா என்று புகையை வைத்துச் சொல்லும் ஆக்ஸிஜன் சென்சார் கெட்டிருந்தது. விற்கும் முன் நாகேந்திரன் புதிதாக ஒன்று கொண்டுவந்தான்.

"ஒன்னு தான்னா ரெண்டும் கூடுற எடத்துல வெக்கணும்டா. அப்போ தான் ரெண்டு பக்கமும் தெரியும்," என்றேன்.

"அங்க கை போவாது. வலது பைப்புல வெய்யி. ரெண்டும் ஒரே இன்ஜினு தான?"

அவன் சொன்னானே என்று வலது குழாயில் ஓட்டை போட்டு என் கையாலேயே வெல்டிங் வைத்தேன். ஓட்டிப் பார்த்தோம். சென்சார் மீட்டரில் முள் நடுவில் நின்றது; எல்லாம் சரி என்று அர்த்தம். இரண்டு பக்கத்து ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிக் கரி இருக்கிறதா என்று பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. நாகேந்திரன் வண்டியாயிற்றே.

அவன் விமானம் ஏறிய வாரம், ஷெட் வாசலில் வண்டிக்குப் பூஜை போட்டோம். என் மனைவி யமுனா சக்கரத்திலிருந்து பின்னால் இருந்த இரண்டு குழாய் முனை வரை மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். நேரே திருமலைக்கு ஏறினோம். மேலே இறங்கியதும் அவள்தான் பார்த்தாள்.

"இன்னாங்க, இந்தப் பக்கம் மஞ்சளே காணோம்?"

வலது முனையில் மஞ்சள் அப்படியே இருந்தது. இடது முனையில் கரி அப்பியிருந்தது. தொட்டால் விரலில் எண்ணெய் பிசுபிசுத்தது. இன்ஜின் எண்ணெயும் சேர்ந்து எரிகிறது; அந்தப் பக்கத்து பிஸ்டன்கள் தேய்ந்தே போயிருக்க வேண்டும்.

கீழே திருப்பதிக்கு வந்து போன் பூத்திலிருந்து குவைத்துக்குப் போன் போட்டேன்.

"நாகேந்திரா, இடது பக்கம் கரியா தள்ளுது."

மறுமுனையில் அவன் சொன்னான்.

"அது ஒரு வருசமா அப்டித்தான் ஓடிக்கினு இருந்துது. நீயும் மெக்கானிக்கு. பாத்து தான வாங்கின?"

ஏமாற்றியதையாவது பொறுத்துக்கொள்வேன். கெட்ட பக்கம் தெரியாதபடி சென்சார் வைக்கிற வேலையையும் என்னை வைத்தே செய்தானே, அதுதான் வயிறு எரிகிறது.

"இன்னா சொன்னாரு?" என்று யமுனா கேட்டாள். நான் வண்டியைக் கிளப்பினேன். சித்தூர் வரை வண்டி பின்னால் புகையைக் கக்கிக்கொண்டே வந்தது. மீட்டரில் முள் மட்டும் நடுவை விட்டு அசையவில்லை.