நிற்காமல் போகும் பஸ்

7 மே 1962, திங்கள்

நேற்று எழுதியதில் ஒரு தவறு. "அம்மா இன்று சேன் பியேர் வரை நடந்து போய் நடந்தே திரும்பினாள்" என்று எழுதிக் கீழே கோடும் போட்டிருந்தேன். அம்மா நடக்கவில்லை. டிரைவர் செர்ஜின் பஸ்ஸில் போய், செர்ஜின் பஸ்ஸிலேயே திரும்பியிருக்கிறாள். காய்கறிப் பையோடு வாசலில் வியர்த்து நின்றதைப் பார்த்து நானாக முடிவு செய்துகொண்டேன். பஸ் நெரிசலிலும் வியர்க்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது என்று மாலை வகுப்பு வாத்தியார் சொல்லித்தான் இந்த நாட்குறிப்பையே தொடங்கினேன்.

இன்று மாலை அம்மாவிடம் கேட்டேன். வீட்டில் நாங்கள் பேசுவது கிரியோல், இந்தத் தீவின் பேச்சுமொழி. சண்டை மட்டும் பாதி தமிழில் வரும்.

"நடக்கத்தான் கிளம்பினேன். பாலம் வர்றதுக்குள்ள செர்ஜ் பின்னாலயே வந்து பஸ்ஸை நிறுத்திட்டான். 'மதாம், மோன்தே, மோன்தே'ன்னு, ஏறச் சொல்லிக் கத்துறான். பஸ்ஸு பூரா என்னையே பாக்குது. ஏறாம என்ன செய்ய?"

"வேண்டாம்னு சொல்லக் கூடாதா?"

"எதுக்கு வேண்டாம்னு கேப்பான். என்ன சொல்ல?"

அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்.

போன மாதம் டிஸ்பென்சரியில் நர்ஸ் எவெலின், அம்மாவின் சிறுநீரை நீல மருந்தோடு சேர்த்து விளக்கில் காய்ச்சினார். நீலமாகவே இருந்தால் நல்லது, பச்சை என்றால் கொஞ்சம் சர்க்கரை. அம்மாவுக்குச் செங்கல் நிறம் வந்தது, சர்க்கரை மிக அதிகம். தினமும் நடக்க வேண்டும், மே மாதக் கடைசியில் மறுபடி பார்ப்பேன், நிறம் மாறவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை என்றார். எங்கள் பழைய எஸ்டேட் குடியிருப்பில் இருந்த முனிசாமி அப்படிப் படுக்கைக்குப் போனவர்தான். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தார். அம்மா அதைப் பார்த்திருக்கிறாள்.

அந்தக் குடியிருப்பில் அம்மாவை நடக்கச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. தண்ணீர்க் குழாய் ஒரு மூலை, கடை ஒரு மூலை, கோயில் கூப்பிடு தூரம். உப்புக்கு ஒரு நடை, தீப்பெட்டிக்கு ஒரு நடை. இரண்டு வருடம் முன்பு புயல் கூரைகளை அள்ளிக்கொண்டு போன பிறகு, சேன் பியேருக்கு வெளியே இந்தப் புதுக் குடியிருப்பில் சிமெண்ட் வீடு கொடுத்தார்கள். பறக்காத வீடு. அதற்கு நன்றி. ஆனால் இதைக் காகிதத்தில் வரைந்த புண்ணியவான் கால் இருக்கிற மனிதரை மறந்துவிட்டார். மூன்று பக்கம் கரும்பு, ஒரு பக்கம் பெரிய சாலை. கடை கிடையாது, சீனக் கடைக்காரரின் வேன் வாசலுக்கே வந்து ஹார்ன் அடிக்கிறது. கையைத் தூக்கினால் பஸ் நிற்கிறது. சாலைக்கு ஓரம் என்று ஒன்றில்லை. தார் முடிந்தால் இடுப்பளவு புல், புல் முடிந்தால் வாய்க்கால். இதில்தான் நடக்கச் சொல்கிறார்கள்.

10 மே, வியாழன்

வேறு வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன்.

பழைய ரயில் பாதை: சரளைக் கல். அம்மா பத்தடி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

கரும்புக்குள் போகிற ஒற்றையடிப் பாதை: இப்போது கரும்பு தலைக்கு மேல் நிற்கிறது, அந்தக் கோடியில் யார் வருகிறார்கள் என்று தெரியாது. ஜூலையில் வெட்டிவிடுவார்கள், பிறகு பார்க்கலாம் என்கிறாள் அம்மா. எவெலின் ஜூலை வரை காத்திருக்கமாட்டார்.

குடியிருப்புக்குள்ளேயே மேலும் கீழும் நடப்பது: நேற்று மாலை முயன்றாள். ஒவ்வொரு வாசலிலும் "எங்க போறீங்க கோவிந்தம்மா?" கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அது நம் முறை. சும்மா நடக்கிறேன் என்று சொல்லும் பெண்ணை நம் ஜனங்கள் இன்னும் பார்த்ததில்லை. இரண்டாவது சுற்றில் பக்கத்து வீட்டு மருதை மாமா வேலிக்கு வந்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, எதையாவது தொலைச்சிட்டியா? நானும் தேடவா?"

இன்று காலை அவரே என்னைப் பிடித்தார்.

"ஏன்டா சுப்ரமணியா, ரோஸ் ஹில்ல துணிக்கடையில சம்பளம் நிறுத்திட்டானா?"

"இல்லையே மாமா."

"பின்ன பெத்தவளை ஏன்டா ரோட்டுல நடக்க விடுற? பஸ்ஸுக்கு நாலு காசு இல்லைன்னா நான் தர்றேன்."

உண்மையைச் சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். ஆனால் அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். தங்கை தனலட்சுமியைப் பார்க்கச் செமின் கிரனியேயிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இந்த மாதக் கடைசி ஞாயிறு வருகிறார்கள். "சர்க்கரைக்காரி மகள்னு தெரிஞ்சா யாரு எடுப்பா? அது ரத்தத்துல வர்றதுன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க." ஆக, அம்மா நடக்கவும் வேண்டும், ஏன் நடக்கிறாள் என்று யாருக்கும் தெரியவும் கூடாது.

நான் வற்புறுத்துவது சரிதானா என்றும் தெரியவில்லை. நடக்கும் பாதை இல்லாத இடத்தில் நட நட என்பது, அடுப்பில்லாத வீட்டில் சமை என்பது போலத்தான்.

13 மே, ஞாயிறு

வழியை அம்மாவே கண்டுபிடித்தாள்.

"நேர்த்திக்கடன்னு சொன்னா எவனும் நிறுத்த மாட்டான்" என்றாள்.

"சாமி பேர்ல பொய்யா?"

"யாருடா பொய்ங்கிறது? நெசமாவே வேண்டிக்கிட்டேன். இந்தக் கால் தங்கணும், அதுக்கு ஒரு மண்டலம் தினம் பாலம் தாண்டி மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே வர்றேன்னு. இன்னைக்கே ஆரம்பம்."

மஞ்சள் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் செம்பு. நான் கொஞ்சம் பின்னால் போனேன். வாசல்களில் பேச்சு நின்றது. மருதை மாமா வேலியோரம் கை கூப்பி நின்றார். செர்ஜின் பஸ் வந்தது. ஹார்ன் இல்லை. எங்களுக்கு அருகில் மெதுவாகி, அகலமாக ஒதுங்கிப் போயிற்று. போகும்போது அவன் சிலுவை போட்டுக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன், ஆகவே எழுதலாம்.

இவ்வளவு எளிதா? நான் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு அம்மா ஒரு மஞ்சள் சேலையில் விடை சொல்லிவிட்டாள்.

18 மே, வெள்ளி

எளிதில்லை. ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டேன். நேர்த்திக்கடன் என்றால் வெறுங்கால்.

ஆறு நாள் தாரிலும் கல்லிலும் நடந்ததில் இடது பாதத்தில் கொப்புளம். அம்மாவுக்கு வலிக்கவில்லையாம், அதனால் சொல்லவில்லையாம். தனலட்சுமிதான் தரையில் ஈரத்தைப் பார்த்தாள். இன்று மதியம் விடுப்புக் கேட்டு வந்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன்.

எவெலின் முதலில் சிறுநீரைக் காய்ச்சினார். பச்சை! செங்கல் போய்விட்டது. எனக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருந்தது. அடுத்து அம்மாவின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"யார் இவங்களை வெறுங்காலோட நடக்க விட்டது?"

"நேர்த்திக்கடன்" என்றேன்.

"நடன்னுதானே சொன்னேன்? காலைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வான்னா சொன்னேன்? இவங்களுக்கு வலி தெரியாது. அதுதான் இந்த வியாதி. இது திறந்துச்சுன்னா இந்த மாசக் கடைசிக்கெல்லாம் நான் காத்துட்டிருக்க மாட்டேன், நேரா ஆஸ்பத்திரி. ரெண்டு நாள் காலை ஊன்றக் கூடாது. அப்புறம் ஷூ போட்டு நடக்கணும். நிறுத்தவும் கூடாது."

ஆக, நடந்ததால் சர்க்கரை இறங்கியது, நடந்ததால் கால் கெட்டது. யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது?

வீட்டுக்கு வந்ததும் என் கான்வாஸ் ஷூவை அம்மா முன்னால் வைத்தேன்.

"ஷூ போட்டு நேர்த்திக்கடனா? மாரியம்மன் சிரிப்பா."

"அம்மன் சிரிச்சா சிரிக்கட்டும். எவெலின் அழ வைப்பாங்க."

நடுவில் விடப்போகும் இரண்டு நாளை எப்படிக் கணக்கு வைப்பது என்றும் கேட்டாள். கோயிலில் பூசாரியைக் கேட்டுவந்தேன். நோய்க்காக நின்ற நாள் கடைசியில் சேர்ந்துகொள்ளும், செருப்பைக் கோயில் வாசலில் கழற்றினால் போதும் என்றார். அம்மா அரை மனதாகச் சரி என்றாள்.

21 மே, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

அம்மா மஞ்சள் சேலை கட்டி, கட்டுப் போட்ட காலில் என் ஷூவை மாட்டிக்கொண்டு முதலில் கிளம்பினாள். நான் வேலைக்குச் செர்ஜின் பஸ்ஸில் ஏறினேன். பாலத்துக்கு முன்னால் பஸ் மெதுவானது. ஒதுங்கிப் போகப்போகிறான் என்று நினைத்தேன். நிறுத்திவிட்டான்.

"அய்யோ மதாம், ஷூவா? அப்ப கடன் முடிஞ்சுதா? மோன்தே, மோன்தே!"

அம்மா தயங்கினாள். ஒரு காலைப் படியில் வைத்தாள்.

எழுந்து நின்று கத்தினேன்.

"செர்ஜ், எங்கம்மாவுக்காக இனிமே நிறுத்தாதே!"

"ஏன்? டிக்கெட்டுக்குப் பயப்படுறியா? அவங்ககிட்ட நான் என்னைக்குக் காசு வாங்கினேன்?" என்றான். பின்னால் சிலர் சிரித்தார்கள்.

"அவங்களுக்குச் சர்க்கரை வியாதி. நடந்தாத்தான் கால் தங்கும். நீ மரியாதையா நிறுத்தி நிறுத்தியே அந்தக் காலை வாங்கிடுவே!"

சிரிப்பு நின்றது. மருதை மாமா மூன்றாவது இருக்கையில் இருந்தார். அவர் வாய் திறந்தபடி இருந்தது. அம்மா படியிலிருந்து காலை எடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. செம்பை இடுப்பில் சாய்த்துக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்தாள்.

செர்ஜ் உடனே வண்டியை எடுக்கவில்லை. திரும்பி என்னிடம் பேசினான், அவனுக்கும் கோபம்தான்.

"வயசானவங்களை ரோட்டுல விட்டுட்டுப் போனா எங்கம்மா எனக்குச் சோறு போட மாட்டா. அது ஒண்ணு. ரெண்டாவது, அந்தப் புல்லைப் பார்த்தியா? அதுக்குள்ள யாராலயும் நடக்க முடியாது. தார் மேல ஏறி நடக்கிறாங்க. வளைவுல திரும்பினா கடைசி நிமிஷம்தான் எனக்கு ஆளே தெரியுது. மஞ்சச் சேலை கட்டினப்ப தூரத்திலேயே தெரிஞ்சுது, தைரியமாப் போனேன். நான் நிறுத்துறது மரியாதைக்கு மட்டும்னு நினைச்சியா? பயத்துலடா!"

"இன்னைக்கும் மஞ்சள்தானே கட்டியிருக்காங்க?"

"இன்னைக்கு மரியாதைக்குத்தான் நிறுத்தினேன், போதுமா?" என்றான். "நிறுத்தல இனிமே. மத்த டிரைவருங்ககிட்டயும் சொல்றேன். ஆனா அந்த ஓரத்துக்கு ஏதாவது செய்."

பஸ் கிளம்பி அம்மாவைத் தாண்டிப் போனது. கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். புல்லுக்கும் தாருக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தாள். வாரக்கணக்கில் செர்ஜைத் திட்டி எழுதிய எனக்கு அந்தப் புல்லைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதத் தோன்றவில்லை.

மாலை வீட்டுக்கு வந்தபோது அம்மா தட்டை என் முன்னால் வைத்தாள், கொஞ்சம் சத்தமாக.

"பஸ்ஸு பூரா சொல்லிட்டே. ரேடியோவிலயும் சொல்லிடு."

"அம்மா..."

"ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. ஞாயித்துக்கிழமை வர்றவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

தனலட்சுமி அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள். "நான் சொல்றேன். டீ குடுக்கும்போதே சொல்லிடறேன். கேட்டுட்டு எழுந்திரிக்கிறவங்கன்னா டீயைக் குடிச்சிட்டே போகட்டும். என்னைக் கட்டிக்கிட்டப்புறம் தெரிஞ்சு, அங்க நான் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

அவர்கள் எழுந்து போனால் அதற்கு நான்தான் காரணம். சரியாகச் செய்தேனா என்று எனக்குத் தெரியாது. அம்மா கோயில் வரை போய்த் திரும்பியும் நடந்தே வந்தாள் என்பது தெரியும், தனலட்சுமி பாலத்தில் நின்று பார்த்திருக்கிறாள். காலில் போட்ட கட்டு ஈரமாகவில்லை, அதை நானே பார்த்தேன்.

இருட்டுவதற்கு முன் மருதை மாமா வேலியோரம் வந்தார். காலையில் பஸ்ஸில் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாலையோரப் புல்லை நாமே அறுத்துவிடலாம் என்றார்.

"சாலை ஓரம் சர்க்காருது. கைவைக்க அனுமதி கேக்கணுமில்ல?" என்றேன்.

"கேளு, கேளு. பதில் வர்றதுக்குள்ள ரெண்டு தரம் கரும்பு வெட்டிடுவாங்க. துணி அளக்கிற கைக்கு அரிவாள் பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாது மாமா."

"தெரியும்னு சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். என்கிட்ட ரெண்டு இருக்கு."

நாளை காலை ஐந்து மணிக்கு எழுந்து, மருதை மாமாவோடு, வளைவிலிருந்து பாலம் வரை வலது பக்கப் புல்லை அறுக்க வேண்டும். அறுத்த புல்லை வாய்க்காலில் தள்ளக் கூடாது. அம்மா கிளம்புவதற்குள் முடிக்க வேண்டும்.