மாடல் எண்ணின் கடைசி எழுத்து

திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு ரோஸ்மேரி சிஸ்டர் வாட்ஸப்பில் அழைத்தபோது முனீஸ் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் கழுத்துப்பட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். கோவை மருத்துவமனையில் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து காத்திருப்பவர்களைக் கவனிப்பவர் அந்த சிஸ்டர். அவர் காரணம் இல்லாமல் கூப்பிட மாட்டார். முனீஸ் மெஷினை நிறுத்திவிட்டு மாடிப்படிப் பக்கம் ஓடினான்.

"முனீஸ், நேத்து எங்க போயிருந்தீங்க?"

"வீட்டுலதான் இருந்தேன் சிஸ்டர்."

"காலையில பதினொன்னே காலுல இருந்து பன்னெண்டரை வரைக்கும் பதினோரு தடவை கூப்பிட்டேன். ஒரு தடவை சுவிட்ச் ஆஃப். மத்ததெல்லாம் தொடர்பு எல்லைக்கு வெளியே. நீங்க குடுத்த ரெண்டாவது நம்பர் உபயோகத்துலயே இல்லைன்னு வருது."

இரண்டாவது நம்பர் அவன் மனைவி வேல்விழியின் அண்ணன் ராஜபாண்டியுடையது. அருப்புக்கோட்டையில் இருக்கும் அவன் போன வருஷமே நம்பரை மாற்றிவிட்டான். அதை மருத்துவமனையில் சொல்ல முனீஸுக்குத் தோன்றவில்லை.

"கிட்னி வந்துச்சா சிஸ்டர்?"



"வந்துச்சு. பட்டியல்ல வேல்விழி பேருதான் முதல்ல இருந்துச்சு. ஒன்றே கால் மணி நேரம் பார்த்தோம். அதுக்கு மேல வெச்சிருக்க முடியாது. அடுத்தவங்களுக்குக் கொடுத்துட்டோம்."

முனீஸ் படியில் உட்கார்ந்துவிட்டான். மூன்று வருஷமாகச் செவ்வாயும் வெள்ளியும் வேல்விழிக்கு டயாலிசிஸ். இடது கையில் ஊசி ஏற்றப் போட்ட இணைப்பு அடைத்துப்போய், இப்போது வலது கையில் நடக்கிறது. அதுவும் போனால் அடுத்து எங்கே குத்துவது என்று தெரியவில்லை என்று போன மாதம்தான் டாக்டர் சொல்லியிருந்தார்.

"இன்னொன்னும் சொல்லணும். போன மாசம் பதினேழாம் தேதியும் கூப்பிட்டோம். அன்னைக்கும் நீங்க கிடைக்கல. ரெண்டு தடவை கூப்பிட்டு வராதவங்க பேரை நிறுத்தி வைக்கிறது இங்க வழக்கம். இன்னைக்கு நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. அதுல வேல்விழி பேரும் இருக்கு. நிறுத்திட்டா, மறுபடி எல்லா டெஸ்டும் எடுத்துப் பேரைச் சேர்க்க ஆறு மாசத்துக்குக் குறையாது."

"நான் போனை அணைக்கவே இல்ல சிஸ்டர். சத்தியமா அணைக்கல."

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? கமிட்டியில சொல்லணும். சொன்னா மட்டும் போதாது, நம்புற மாதிரி எதாவது கொண்டு வாங்க."

அவன் போனின் அழைப்புப் பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு அழைப்புகூட இல்லை. தவறிய அழைப்பும் இல்லை. அந்த ஒன்றே கால் மணி நேரம் முழுக்க இந்தப் போன் டிவிக்குப் பக்கத்துச் சுவர்த்தட்டில் இருந்தது. அவன் தட்டுக்குக் கீழேதான் உட்கார்ந்து வெங்காயம் உரித்தான். வேல்விழி தலைக்குக் குளித்துவிட்டு முடியை விரித்துப்போட்டு வாசலில் நின்றாள். அவன் எழுந்து நின்றால் போன் கைக்கு எட்டும் தூரம்.

போன் நல்ல போன். இரண்டு மாதத்துக்கு முன் அமெரிக்காவில் படிப்பை முடித்துவிட்டு வந்த முதலாளி மகன் கவின் கொடுத்தது. முனீஸின் பழைய போன் கீழே விழுந்து திரை செத்துப்போயிருந்த நேரம். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள், வீட்டில் இருப்பதே ஒரு போன்தான் என்று அவன் யாரிடமோ சொன்னதைக் கேட்டுவிட்டு, கவின் தன் போனைத் துடைத்துக் கையில் கொடுத்தான். ஐம்பதாயிரத்துக்கு மேல் விலை சொல்கிற போன். கம்பெனியில் வைஃபையில் பறந்தது. வீட்டில்தான் நெட் இழுத்தது. லைன் வீட்டில் பதினாறு குடும்பம், எல்லோரும் ஒரே டவரில் படம் பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். "உனக்குப் போன் போட்டா கிடைக்கவே மாட்டேங்குது" என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அதற்கும் டவரைத்தான் குறை சொன்னான். இப்போது அந்த ஒவ்வொருவரின் முகமும் ஞாபகத்துக்கு வந்தது.

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு நேராகப் பரணியின் கடைக்குப் போனான். அருள்புரத்தில் பல்லடம் ரோட்டின் மேல் பரணி செல்போன் சர்வீஸ் வைத்திருக்கிறான். முப்பது வயதிருக்கும். முனீஸ் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, வேறெதையும் தொடாமல் செட்டிங்ஸைத் திறந்து மாடல் எண்ணைப் பார்த்தான். பிறகு கண்ணாடி எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"ஏனுங்கண்ணா, இது இங்க வாங்குனதில்லீங்களே?"

"அமெரிக்காவுல இருந்து வந்தது."

"அதானுங்க. பேரு ஒண்ணுதானுங்க. ஆனா இதே பேருல நாலஞ்சு வகை போடறாங்க, நாட்டுக்கு ஒண்ணு. வெளிய பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாதுங்க. மாடல் நம்பர்ல கடைசி எழுத்துதான் மாறும். நம்மூருக்குப் போட்டதுல வேற எழுத்துங்க. இது அங்க ஒரே ஒரு நெட்வொர்க் கம்பெனிக்குன்னு போட்டதுங்க."

"சிம் ஏத்துக்குதே. சிக்னல் கோடெல்லாம் காட்டுதே."

"காட்டுமுங்க. அந்தக் கம்பெனி சிம்மை மட்டும் ஏத்துக்கற லாக்கை எடுத்துட்டுத்தான் குடுத்திருக்காங்க. ஆனா பாருங்க, டவர்ல இருந்து 4ஜி ஒரே அலைவரிசையில வராதுங்க. பேண்டு பேண்டா வரும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். உங்க சிம்முக்கு நம்ம ஏரியாவுல மூணாம் நம்பரு, நாப்பதாம் நம்பரு, இந்த ரெண்டு பேண்டுதானுங்க." அவன் இன்னொரு கம்ப்யூட்டரில் அந்த மாடலின் பட்டியலைத் திறந்து விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தான். "இந்த வகையில ரெண்டுமே இல்லீங்க. அதும்போக, 4ஜியிலேயே கால் பேசற வசதி இதுல நம்ம கம்பெனிகளுக்கு வேலை செய்யாதுங்க. அப்ப கால் வரோணும்னா பழைய 2ஜிலதான் வரோணும். ரோட்டுல நின்னா அது கிடைக்கும். உங்க ஊட்டுக்குள்ள கிடைக்காதுங்க."

"அப்ப நேத்து..."

"நேத்து இந்தப் போனு உங்க பக்கத்துல இருந்தாலும் ஒண்ணுதானுங்க, இல்லாமப் போயிருந்தாலும் ஒண்ணுதானுங்க."

சொன்ன பிறகுதான் பரணிக்கே தான் சொன்னது உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான். இந்த மாடலின் பட்டியலையும் இங்கே விற்கும் மாடலின் பட்டியலையும் இரண்டு தாளில் அச்செடுத்து, வேறுபட்ட எழுத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தான். பணம் வாங்க மறுத்துவிட்டான்.

பன்னிரண்டரை ஆகியிருந்தது. முனீஸ் கம்பெனிக்குத் திரும்பி, கவின் இருந்த அறைக்குள் கேட்காமலே நுழைந்தான். வழியெல்லாம் அவன் மனசில் ஓடிய வார்த்தைகள் வேறு. கவினின் முகத்தைப் பார்த்ததும் அவை ஒன்றும் வரவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டு நடந்ததை மட்டும் சொன்னான். கவின் எழுந்து நின்றான்.

"முனீஸண்ணா, நான் இத நினைச்சே பாக்கலீங்க. நல்ல போனுன்னுதானுங்க குடுத்தேன்."

"தெரியும் தம்பி."

"நான் வந்த அன்னைக்கே வேற போனு வாங்கிட்டேனுங்க. இதுல இங்கத்த சிம் போட்டு நான் பாக்கவே இல்ல."

"தம்பி, நாலு மணிக்கு அங்க இருக்கணும். அதுக்கு மட்டும் வழி பண்ணுங்க."

கவின் காரை எடுத்தான். சூலூர் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினான். அந்தப் போனை வாங்கிய ரசீதைத் தன் மெயிலில் தேடி எடுத்துக் காட்டினான். அதில் கடையின் பெயருக்குக் கீழே மாடல் எண் இருந்தது. கடைசி எழுத்தும் இருந்தது.

மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் ஒரு நீள மேசை. இரண்டு டாக்டர்கள், ஓர் அதிகாரி, ரோஸ்மேரி சிஸ்டர். மூத்த டாக்டர் தாள்களைப் புரட்டிவிட்டுத் தள்ளி வைத்தார்.

"இது எனக்குப் புரியலப்பா. போன் கெட்டுப்போச்சுங்கிறியா?"

"கெட்டுப்போகல சார். நம்ம ஊருக்கு ஆகாத போனு."

"சிஸ்டர், இப்ப கூப்பிடுங்க."

ரோஸ்மேரி தன் போனை எடுத்து அழைத்தார். முனீஸின் கையிலிருந்த போன் உடனே அடித்தது. கணீரென்று அடித்தது. இரண்டு மாதத்தில் அது அவ்வளவு தெளிவாக அடித்து அவன் கேட்டதில்லை. நிறுத்தவும் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

"நல்லாத்தானே அடிக்குது" என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. அதிகாரி அடுத்த கோப்பை எடுத்தார்.

கவின் ஏதோ ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். முனீஸ் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"சார், நான் பனியன் கம்பெனியில டைலரு. ஒரே டிசைன், ஒரே கலரு, ஒரே எம் சைஸு. அமெரிக்கா ஆர்டருக்கு வேற அளவு, இங்க விக்கிறதுக்கு வேற அளவு. மடிச்சு அட்டைப்பெட்டியில வச்சா நானே கண்டுபிடிக்க மாட்டேன். போட்டுப் பாத்தாத்தான் தெரியும். இதுவும் அப்பிடித்தான் சார். இங்க மூணாவது மாடி, ஜன்னலத் தொறந்தா டவரு, அதான் பழைய சிக்னலு கிடைச்சிருச்சு. எங்க வீடு நாலு பக்கமும் கட்டடத்துக்கு நடுவுல இருக்கு. கீழ ஸ்கேன் எடுக்கிற எடத்துக்கு ஒரு தடவ வாங்க சார். ஒரே ஒரு தடவ. அங்கயும் அடிச்சா எம்பொண்டாட்டி பேர நீங்களே அடிச்சிருங்க."

 அங்கேயும் அடித்துவிட்டால் என்ன செய்வது என்று, சொல்லிவிட்ட பிறகுதான் நினைத்தான்.

மூத்த டாக்டர் எழுந்தார். தரைக்குக் கீழே இருந்த ஸ்கேன் பகுதிக்கு லிஃப்டில் இறங்கினார்கள். நடைபாதையின் கடைசியில், நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சுக்குப் பக்கத்தில் முனீஸ் போனை உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டு நின்றான். டாக்டர் தன் போனிலிருந்து அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தப் பெண் குரல் தமிழில் சொல்லி, ஆங்கிலத்திலும் சொன்னது. நீட்டிய கைக்கும் டாக்டருக்கும் நடுவே இரண்டடிகூட இல்லை.

"இங்க இவரு சிம்முக்கே சிக்னல் எடுக்காதோ என்னவோ" என்றார் அதிகாரி.

"என் போன்ல அவர் சிம்மைப் போட்டுப் பார்க்கலாம் சார்" என்றார் ரோஸ்மேரி. காதுத் தோட்டைக் கழற்றி அதன் முனையாலேயே சிம் தட்டைக் குத்தித் திறந்தார். முனீஸின் சிம் அவருடைய பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் போனுக்குள் போனது. டாக்டர் மறுபடி அழைத்தார். நாலு விநாடியில் அது அடித்தது. சிம்மைத் திருப்பி இந்தப் போனில் போட்டார்கள். எல்லைக்கு வெளியே. டாக்டர் மூன்றாவது முறையும் அழைத்துப் பார்த்துவிட்டுத் தன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பேர் இருக்கட்டும்" என்றார். "மூணு நம்பர் எழுதி வாங்குங்க சிஸ்டர். மூணையும் இங்க இருந்தே கூப்பிட்டுப் பாருங்க. பட்டியல்ல இருக்கிற எல்லாரையும் மாசத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுச் சரிபார்க்கணும். இது நமக்கும் தோணியிருக்கணும்."

முனீஸ் கும்பிட்டான். பிறகு, அதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டான்.

"நேத்து வந்தது சார்? அது..."

"ஆபரேஷன் முடிஞ்சிருச்சுப்பா."

லிஃப்டுக்கு எல்லோரும் போன பிறகும் அவன் அந்த பெஞ்சிலேயே இருந்தான். சத்தம் வராமல் அழ முயன்றான், முடியவில்லை. ஸ்கேனுக்குக் காத்திருந்த ஒரு கிழவர் தன் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். கவின் கொஞ்ச தூரத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

வரும் வழியில் காந்திபுரத்தில் ஒரு புதுப் போன் வாங்கினார்கள். கவின் பெரிய போனாகக் காட்டச் சொன்னான். முனீஸ் வேண்டாம் என்று ஒன்பதாயிரத்துக்குள் ஒன்றைக் கேட்டு, பெட்டியின் பின்பக்கத்தைப் படமெடுத்துப் பரணிக்கு அனுப்பினான். சரியான வகைதான் என்று பரணி எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பதில் அனுப்பும்வரை கடைக்காரனைப் பெட்டியைத் திறக்க விடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வேல்விழி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். காலையில் மெஷினை விட்டு ஓடியதை யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். அவன் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். போன மாதம் பதினேழாம் தேதியை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தான்.

"மொதத் தடவையே நேத்துத்தானா?" என்று அவளே கேட்டாள்.

"இல்ல. போன மாசம் ஒருக்க."

அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தான்.

"நேத்து பன்னெண்டு மணிக்கு நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்?"

"இங்கதான் நின்ன. முடி காயவச்சுக்கிட்டு."

"கெளம்பச் சொல்லியிருந்தா ஈரத்தலையோடவே வந்திருப்பேன்ல" என்றாள். 

கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டினாள். அவன் புதுப் போனை அதில் வைத்தான். எப்படி எடுப்பது, சத்தம் எங்கே கூட்டுவது என்று கேட்டுக்கொண்டாள். பிறகு அவனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இனி இது எங்கிட்ட இருக்கட்டும். நீங்க வேற ஒண்ணு பாத்துக்குங்க."

அவன் தலையாட்டினான். அந்த வார்த்தையில் கோபமா நம்பிக்கை விட்டுப்போனதா என்று அவனால் பிரித்தறிய முடியவில்லை. 

மறுநாள் செவ்வாய். டயாலிசிஸ் கட்டிலில் வலது கை அசையாமல் கிடக்க, இடது கையில் வேல்விழி போனைப் பிடித்திருந்தாள். நர்ஸ் வாங்கி மேசையில் வைக்கிறேன் என்றதற்குக் கொடுக்க மறுத்துவிட்டாள். நாலு மணி நேரமும் பிடித்தபடியே இருந்தாள். கோவை மருத்துவமனையிலிருந்து நம்பரைச் சரிபார்க்கும் அழைப்பு ஒன்று வந்தது. முதல் மணியிலேயே எடுத்து, "வேல்விழிதான் பேசுறேன், கேக்குது, நல்லாக் கேக்குது" என்றாள்.