எழுபத்திரண்டு கிலோ

மணிமொழியின் மாமனார் வைத்திலிங்கத்தின் எடை எழுபத்திரண்டு கிலோ. ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலியோடு சேர்த்து நிறுத்து, நாற்காலியின் எடையைக் கழித்துச் சொன்னார்கள். இரண்டு வருடத்துக்கு முன் வந்த பக்கவாதத்தில் அவருக்கு வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. சுரங்கத்தில் முப்பத்து நான்கு வருடம் ஷிஃப்ட் பார்த்த மனிதருக்கு, கட்டிலை விட்டு நாற்காலிக்கு வரவும் நாற்காலியை விட்டுக் கழிவறைக்குப் போகவும் இன்னொரு உடம்பு வேண்டியிருந்தது. அந்த இன்னொரு உடம்பு மணிமொழியுடையது. அவள் எடை ஐம்பத்து நான்கு.

ஒரு நாளைக்கு எட்டு முறை தூக்கினாள். யாரும் சொல்லித்தரவில்லை. அக்குளுக்குள் கையைக் கொடுத்து, முதுகை வில்லாக வளைத்து, மூச்சைப் பிடித்து இழுப்பாள். கணவன் தமிழ்மாறன் சுரங்கத்தில் ஆபரேட்டர். எந்த ஷிஃப்ட் என்றாலும் அவனுக்குக் களைப்பு. "நீ பாத்துக்கோ மணி" என்பதோடு அவன் பங்கு முடிந்துவிடும்.

மாசி மாதம் ஒரு காலையில் அவளுடைய இடுப்பில் எதுவோ சட்டென்று பிடித்தது. கை விட்டுப்போயிற்று. வைத்திலிங்கம் கட்டில் விளிம்பில் நெற்றி இடித்துத் தரையில் விழுந்தார். அவளும் பக்கத்திலேயே விழுந்தாள். சத்தம் கேட்டு உள்ளே ஓடி வந்த தமிழ்மாறன் அப்பாவின் நெற்றியில் ரத்தத்தைப் பார்த்தான்.

"ஒரு ஆள ஒழுங்கா புடிக்கத் தெரியாதா உனக்கு?"

அவளால் எழுந்திருக்க முடியவில்லை என்பதை அவன் கவனிக்கவே பத்து நிமிடம் ஆயிற்று.

டாக்டர் ஆறு வாரம் எந்தக் கனமும் தூக்கக் கூடாது என்றார். மணிமொழிக்குச் சிரிப்பு வந்தது. கனம் வீட்டில் கட்டிலில் படுத்திருந்தது. ஒரு வாரத்துக்குக் கணவன் விடுப்பு போட்டான், இரண்டாவது வாரத்துக்கு ஓர் ஆளை அமர்த்தினான். மூன்றாவது வாரம் அந்த ஆள் வரவில்லை. அவள் மறுபடியும் தூக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் மனசுக்குள் ஒரு வசவோடு.

ஆஸ்பத்திரி பிசியோதெரபி அறையில்தான் சத்யப்பிரியாவைப் பார்த்தாள். தோள் வலிக்கு வந்திருந்தவள் அவள். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை, மணிமொழியின் வயதுதான், நாற்பது நெருங்குகிறது. கல்லூரிக் காலத்தில் மாநில அளவில் எடை தூக்கியவள். மணிமொழி தன் கதையைச் சொன்னதும் சத்யப்பிரியாவின் முகம் சிவந்தது.

"தூக்காதன்னு சொல்லி அனுப்பறாங்களே, அப்புறம் யாரு தூக்குவாங்கன்னு ஒருத்தராவது கேட்டாங்களா? உங்களுக்குத் தூக்கத் தெரியணும். வலி அடங்கட்டும், டாக்டர் சரின்னு சொல்லட்டும். கிளப் ஜிம்முக்கு வாங்க, நான் காட்டறேன்."

சித்திரையில் டாக்டர் சரி என்றார். பக்கத்து பிளாக்கில் குடியிருப்போர் நடத்தும் சின்ன கிளப். அதன் பின்னறையில் ஜிம். காலை ஆறிலிருந்து ஏழு வரை பெண்கள் நேரம். மணிமொழி போன முதல் நாள், எடைத் தட்டுகள் மாட்டித் தூக்கும் பார்பெல் கம்பி இருந்த அறைக் கதவில் பூட்டு தொங்கியது. செயலாளர் ராமசாமி வெளியே நாற்காலி போட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"லேடீஸ் டயத்துல அந்த ரூம் தெறக்கறதில்லம்மா. உங்களுக்கு ட்ரெட்மில் இருக்கு, சின்ன டம்பெல் இருக்கு. கனமா தூக்குனா கர்ப்பப்பை எறங்கிடும்."

மணிமொழிக்குக் காது அடைத்தது. "எங்க மாமனாரு எழுவத்திரண்டு கிலோ சார். தெனம் எட்டு வாட்டி தூக்கறேன். அது எறக்காத கர்ப்பப்பைய உங்க இரும்புதான் எறக்கப்போவுதா?"

"நான் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்..."

"நல்லதுக்கு சொல்றவரு எங்க வூட்டுக்கு வந்து நாலு வாட்டி தூக்கிக் குடுங்க. அப்புறம் பூட்டிக்குங்க."

ட்ரெட்மில்லில் நடந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் நடையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ராமசாமி பேப்பரை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். சத்யப்பிரியா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் சாவி அதில் விழுந்தது.

உள்ளே போனதும் மணிமொழி நேராக இரும்புத் தட்டுகளிடம் போனாள். இருபது கிலோத் தட்டு ஒன்றைப் பிடித்து இழுத்தாள்.

"அத விடுங்க" என்றாள் சத்யப்பிரியா. "கோவத்த உள்ள கொண்டாங்க, தப்பில்ல. ஆனா கோவம் எடைய முடிவு பண்ணக் கூடாது. மொதல்ல வெறும் கம்பி."

வெறும் கம்பியே இருபது கிலோ. சத்யப்பிரியா அதை இரண்டு மரக்கட்டைகள் மேல், முழங்காலுக்குக் கீழே வரும் உயரத்தில் வைத்தாள். பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே கம்பி. குனிவது முதுகிலிருந்து அல்ல, இடுப்பிலிருந்து. பின்னால் இருக்கும் கதவைப் பிட்டத்தால் சாத்துவதுபோல. வயிற்றில் மூச்சை நிரப்பி இறுக்க வேண்டும். கம்பி காலை உரசியபடியே மேலே வர வேண்டும்.

"கையால இழுக்காதீங்க. தரைய காலால தள்ளுங்க."

மணிமொழி தள்ளினாள். கம்பி வந்தது. அவ்வளவு எளிதாக வந்ததில் அவளுக்கு ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு வருடம் முதுகை முறித்துக்கொண்ட காரியத்தை ஒருத்தர் பத்து நிமிடத்தில் சொல்லித்தந்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் மாமனாரை டிஸ்சார்ஜ் செய்த அன்று மாத்திரைச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். எப்படித் தூக்குவது என்று ஒரு வரி இல்லை.

வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஐந்து ஐந்து முறையாக மூன்று தடவை, நடுவே நன்றாக ஓய்வு. பிறகு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எழுவதுபோலக் கால்களுக்கு ஒரு பயிற்சி, கம்பியைத் தலைக்கு மேல் தள்ளுவது தோளுக்கு. ஐந்து முறையும் முதுகு நேராக நின்றால் அடுத்த பயிற்சி நாளில் இரண்டரை கிலோ கூடும். வளைந்தால் கூடாது, இரண்டு நாள் தொடர்ந்து வளைந்தால் எடையைக் குறைத்து மறுபடி ஏற வேண்டும். சத்யப்பிரியா இதில் கருணையே காட்டமாட்டாள். ஐம்பது கிலோவில் தொடர்ந்து இரண்டாவது நாளும் மணிமொழி பிடிவாதமாக ஐந்தாவதை வளைந்த முதுகோடு தூக்கியபோது, "அடுத்த வாட்டி நாப்பத்தஞ்சு" என்று தட்டுகளைக் கழற்றிவிட்டாள்.

மாமனாரைத் தூக்கும் முறையும் மாறியது. அவரைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, பாதம் தரையில் படியச் செய்து, இடுப்பைச் சுற்றி அகலமான துணிப்பட்டையைக் கட்டி, அவர் முழங்காலுக்குத் தன் முழங்காலால் அணை கொடுத்து, சேர்ந்து எழும்ப வேண்டும். ஆனால் சத்யப்பிரியா ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "கம்பி ஆடாது, ஆளு ஆடுவாரு. எவ்வளவு பலம் வந்தாலும் இது ஒத்தை ஆள் வேலை இல்ல. இன்னொருத்தர் வேணும்."

ஆவணியில் மணிமொழி எழுபது கிலோ தூக்கினாள். முதுகு வலி இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னாள். தமிழ்மாறன் நிஜமாகவே சந்தோஷப்பட்டான்.

அந்தச் சந்தோஷம்தான் வினையானது. "நீதான் இப்ப ஈஸியா தூக்கறியே" என்று, எப்போதாவது பிடித்துக்கொண்டிருந்த ஒரு கையையும் எடுத்துவிட்டான். கேஸ் சிலிண்டர் வாசலில் வந்து இறங்கினால் அவள் பெயரைக் கூப்பிட்டான். மாடி வீட்டுக்காரர் பீரோவை நகர்த்த "உங்க மிஸஸ் கொஞ்சம் வருவாங்களா" என்று கேட்டபோது, "தாராளமா" என்றான். அவளிடம் பிறகுதான் சொன்னான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அக்கா அம்சவல்லி வடலூரிலிருந்து குடும்பத்தோடு வந்தாள். கூடத்தில் ஏழு பேர். மணிமொழி காலை ஐந்து மணியிலிருந்து நின்றுகொண்டே இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அம்சவல்லி சொன்னாள், "அப்பாவயும் இங்க கொண்டாந்து உக்கார வையேன் மணி, எல்லாரோடயும் சாப்புடட்டும்."

"யாராவது ஒருத்தர் வாங்க அண்ணி, ஒரு கை புடிக்கணும்."

தமிழ்மாறன் தட்டிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தான். "அவளுக்கு எதுக்குக்கா கை? எழுவது கிலோவ அலேக்கா தூக்குவா. நம்ம வூட்டுப் பயில்வான்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்சவல்லியின் கணவர்கூட.

மணிமொழி கையிலிருந்த ரசப் பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் தூக்க மாட்டேன்."

"என்னா மணி?"

"தூக்க மாட்டேன்னேன். எனக்கு முதுகு போனப்ப, புடிக்கத் தெரியாதான்னு கேட்டீங்க. இப்ப புடிக்கத் தெரிஞ்சுகினேன், அதனால யாரும் புடிக்க வேணாங்கறீங்க. தெரியலன்னாலும் நானு, தெரிஞ்சாலும் நானா? நான் விடியக்கால எழுந்து அந்த இரும்ப தூக்கறது என் முதுகு ஒடையக் கூடாதுன்னு. உங்க எல்லாரு பங்கையும் சேத்துத் தூக்கறதுக்கு இல்ல."

"விருந்தாளிங்க இருக்கறப்ப எதுக்கு இந்தப் பேச்சு" என்றான் தமிழ்மாறன் பல்லுக்கிடையில்.

"யாரு விருந்தாளி? அவங்க அப்பாதானே உள்ள இருக்காரு?"

அம்சவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். தமிழ்மாறன் கையை உதறி எழுந்தான். "இது ஒரு பெரிய வேலையா!" என்று உள்ளே போனான். அப்பாவின் அக்குளில் கையைக் கொடுத்து, முதுகை வளைத்து, ஒரே இழுப்பாக இழுத்தான். வைத்திலிங்கம் குழறிக் கத்தினார். அவருடைய செயலற்ற கால் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே மடங்கியது.

"நில்லுங்க!" மணிமொழி அறை வாசலில் வந்து நின்றாள். குரல் பக்கத்து குவார்ட்டர்ஸ் வரை கேட்டிருக்கும். "விடுங்க. உக்கார வைங்க. அவர கொன்னுடுவீங்க, நீங்களும் ஒடைஞ்சுடுவீங்க."

அவன் மூச்சு வாங்க நின்றான். அவள் கிட்டே போகவில்லை. வாயால் மட்டும் சொன்னாள். பட்டையைக் கட்டுங்க. அவர் பாதத்தைத் தரையில வைங்க. இடுப்புலேருந்து குனிங்க, முதுகுலேருந்து இல்ல. ஒட்டி நில்லுங்க, இன்னும் ஒட்டி. மூச்ச இழுத்துக் கட்டுங்க. கண்ணீர் அவள் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவு ஆத்திரம்.

முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவை பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குள் அம்சவல்லி எழுந்து வந்து மறுபக்கம் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவதில் வைத்திலிங்கம் நின்றார், திரும்பினார், நாற்காலியில் உட்கார்ந்தார். தமிழ்மாறனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எட்டு வாட்டி" என்றாள் மணிமொழி. "ஒரு நாளைக்கு."

செவ்வாய்க்கிழமை மணிமொழி ஒரு தாளில் தமிழ்மாறனின் ஷிஃப்ட்களை எழுதி, எந்த ஷிஃப்ட் வாரத்தில் எந்த நான்கு முறை அவனுடையது என்று குறித்துக் கட்டிலுக்கு மேலே ஒட்டினாள். மாதத்தில் இரண்டு ஞாயிறு என்று எழுதி அம்சவல்லியின் பெயரையும் போட்டாள். போனில் கூப்பிட்டுச் சொன்னாள். "வடலூர்லேருந்து பஸ்ஸு அடிக்கடி இருக்கு அண்ணி." அம்சவல்லி முனகினாள், ஆனால் மறுக்கவில்லை.

பத்து நாளில் தமிழ்மாறன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தான். தானாகவே ஒரு மாலை கிளப்புக்குப் போனான். பார்பெல்லில் அறுபது கிலோ மாட்டி, இரண்டாவது தூக்கலிலேயே கீழே போட்டுவிட்டு வந்தான். மணிமொழி கேலி செய்யவில்லை. "வெறும் கம்பிலேருந்து ஆரம்பிங்க" என்று மட்டும் சொன்னாள்.

"நான் ஆம்பள, வெறும் கம்பிய புடிச்சுகினு நின்னா நாலு பேரு சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். என்னப் பாத்து நீங்க எல்லாரும் சிரிக்கலயா?"

அவன் வெகுநேரம் கட்டிலுக்கு மேலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது மணி" என்றான். மன்னிப்பு போதுமானதாக இருந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. மறுநாள் அவன் வெறும் கம்பியைத் தூக்கினான்.

அம்சவல்லியின் முதல் ஞாயிறன்று மணிமொழி சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறினாள். அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. பஸ் வடலூரைத் தாண்டும்போது போன் அடித்தது.

"எப்படிடி இத தெனமும் ஒண்டியா பண்ண?" அம்சவல்லிக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"கத்திகினேதான் பண்ணேன் அண்ணி. உங்களுக்குத்தான் கேக்கல."

மறுமுனையில் வைத்திலிங்கத்தின் குழறல் கேட்டது, "வரேன்பா, வரேன்" என்று அம்சவல்லி சொல்வது கேட்டது, போன் நின்றது. மணிமொழி அதைக் கைப்பைக்குள் போட்டாள். கோபம் தீர்ந்துவிடவில்லை. ஜன்னலோர இருக்கையில் அதையும் மடியில் வைத்துக்கொண்டு, ஓடும் வயல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.