கஞ்சி சொட்டும் உடுப்பு

ஆஸ்பத்திரி லாரி வாசலில் வந்து நின்றதும் ஜெயபாலன் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தான். மழை விடவில்லை. பழைய தோட்டத்துப் பாலத்தின் மேல் ஆற்றுத் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது.

"ஒங்க வீட்டு மிஸ்ஸி எங்க வாத்தியாரே? லீவுல இருக்கற நர்ஸுங்களையும் ஏத்தியாரச் சொல்லி ஆர்டர்லா," என்றான் டிரைவர் ராமையா. "பள்ளிக்கூடம் பூரா வெள்ளத்துல வந்த ஆளு. கட்டுப் போடக்கூட கை பத்தல."

"அவ இல்லண்ணே. முந்தாநாளே தஞ்சோங் ரம்புத்தான் போயிட்டா. அவங்க அம்மா வீட்டுக்கு."

"இந்த மழையிலயா? அங்க இருக்கற பைத்திய ஆஸ்பத்திரியிலயே படுக்கப் போட்டுருப்பாங்களே."

கதவுக்குப் பின்னால் அவன் மனைவி மங்களம் ஏழு மாத வயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தாள். போன தடவை, இரவும் பகலும் சேர்த்து வேலை பார்த்த வாரத்தில்தான் பிள்ளை தங்காமல் போனது. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.

ராமையாவின் பார்வை தாழ்வாரத்துக் கொடிக்குப் போனது. வெள்ளை நர்ஸ் உடுப்பு தொங்கியது. அதிலிருந்து கஞ்சி சிமெண்டுத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. சோறு வடித்த கையோடு கஞ்சியில் உடுப்பை முக்கிக் காயப்போடுவது மங்களத்தின் வழக்கம். லீவு எடுத்த பிறகும் அது விடவில்லை. பொய் சொன்னபோது ஜெயபாலன் அதை யோசிக்கவில்லை.

"முந்தாநாள் தொவச்சது இன்னும் சொட்டுது," என்றான் ராமையா. "என்னா மழைலா."

ஜெயபாலன் கொடியை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றான்.

"நான் எதையும் பாக்கல. ஆனா பாலம் முங்கிட்டா யாராலயும் போக முடியாது. ஒரு சுருட்டு குடிச்சிட்டுக் கெளம்பிருவேன்."

ராமையா லாரியில் ஏறி உட்கார்ந்தான். எஞ்சினை அணைக்கவில்லை.

"சும்மா கூப்பிட்டிருந்தா நானே போயிருப்பேன்," என்றாள் மங்களம், அவன் உள்ளே வந்ததும். "ஆர்டருங்கறாங்க. போனா அவங்க இழுத்துட்டுப் போனதா ஆவும். இருந்தா நீங்க ஒளிச்சு வச்சதா ஆவும். என்னை யாரு கேட்டா?"

"வயித்துல இருக்கறதை யாரு கேட்டா?"

வெளியே ஹாரன் ஒரு தடவை, மெதுவாக, ஒலித்தது.

"உடுப்ப எடுத்துட்டு வாங்க," என்றாள்.

ராமையா பார்த்துக்கொண்டிருக்கவே ஜெயபாலன் கொடியிலிருந்து எடுத்து, பிழிந்து, கொண்டுவந்தான். ஈரத்தோடு போட்டாள். பொத்தான்கள் வயிற்றின் மேல் எட்டவில்லை. அவன் இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடிக்க, அவள் ஊக்குக் குத்தினாள்.

மங்களம் ஏறிய லாரி பாலத்தைக் கடந்து போவதைத் தாழ்வாரத்திலிருந்து பார்த்தான். பிறகு கைப்பிடிக் கம்பிகளும் தண்ணீருக்குள் போயின. உள்ளங்கையில் கஞ்சி காய்ந்து இழுத்தது. கழுவத் தோன்றவில்லை.