குடத்தோடு நடந்தால் நடையல்ல

2024 யூலை 14, ஞாயிற்றுக்கிழமை. வானத்தில் ஒரு துண்டு மேகமும் இல்லை. விடிந்ததிலிருந்து சோழகக் காற்று பனங்கூடலை உலுப்பிக்கொண்டிருந்தது. முற்றத்து மணல் பறந்து குசினி வரைக்கும் படிந்திருந்தது.

யாழ்ப்பாணத்தை அடுத்த புங்குடுதீவில், மடத்துவெளியிலே, வல்லிபுரத்தாரின் வீட்டு விறாந்தையில், அவருடைய மகள் பவதாரணி நிறை பார்க்கும் கருவியின்மேல் வெறுங்காலோடு நின்றாள். தந்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். தாய் சறோஜினிதேவி மகளின் தோளிற் கிடந்த துவாயை எடுத்துக்கொண்டாள். துவாயின் நிறையும் மகளின் தலையில் விழுந்துவிடக் கூடாதல்லவா? மூன்றாவதாகக் குனிந்தவள் சயந்தினி. ஆவணியில் பவதாரணியை மணக்கவிருந்த தயாபரனின் தமக்கை. ஒரு கிழமை விடுமுறையில் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தவள். அந்தக் கருவியைத் தன் பயணப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தவளும் அவளே. சந்தையில் ஆடு வாங்குபவன்கூட ஆட்டின் முகத்தை ஒருமுறை பார்ப்பான். இவர்கள் மூவரும் அவளுடைய காலடியில் ஒளிர்ந்த இலக்கத்தை மாத்திரமே பார்த்தனர்.

"கொஞ்சம்கூட இறங்கேல்லை," என்றாள் சயந்தினி. "அஞ்சு கிலோ குறைக்கிறன் எண்டு நீர் சொன்னபடியால்தானே எங்கடை அம்மா கலியாணத்துக்கு ஓம் எண்டவ. இப்பிடியே கூறைச்சீலையைச் சுத்திக்கொண்டு நிண்டால், படத்திலை பீப்பாவுக்குப் பட்டு உடுத்தினமாதிரி இருக்கும்."

"சாப்பாட்டை அரைவாசியாக்கிப் போட்டன், மச்சாள். காலமையிலை ஒரு துண்டுப் புட்டுத்தான்."

"அப்ப எக்சசைஸ் காணாது."

"நல்லதண்ணிக் கிணத்துக்கு எத்தினை தரம் போய் வாறன்! முத்தம் கூட்டுறன், உடுப்புத் தோய்க்கிறன், மா இடிக்கிறன்..."

சயந்தினி வாய்விட்டுச் சிரித்தாள். "அது வீட்டு வேலையப்பா! வீட்டு வேலையை எக்சசைஸ் எண்டு கலோரிக் கணக்கிலை சேர்க்கேலாது. வேலை வேறை, நடை வேறை. கையை வீசி நடக்கவேணும்."

"அப்ப பின்னேரத்திலை றோட்டாலை நடந்திட்டு வரட்டோ?"

வல்லிபுரத்தார் நிமிர்ந்தார். "என்ன கதை கதைக்கிறாய்? கலியாணம் பேசி முடிச்ச பெட்டை றோட்டாலை கை வீசிக்கொண்டு திரியிறதோ? சனம் வாயிலை போட்டு மெல்லாதே?"

நல்லதண்ணிக் கிணறு அதே றோட்டின் அந்தத்தில்தான் இருந்தது. இடுப்பிலே குடம் இருக்கும்போது பவதாரணி அடக்கமான பிள்ளை. எவரும் அவளை ஏனென்று கேட்டதில்லை. குடம் இல்லாவிட்டாலோ, அதே றோட்டில் அதே கால்கள் குடும்ப மானத்தை மிதித்துவிடும். ஆகவே, குடத்தோடு நடந்தால் அது நடையல்ல. குடமின்றி நடந்தால் அது ஒழுக்கமல்ல. எஞ்சியிருந்தது அவளுடைய சாப்பாட்டுக் கோப்பை ஒன்றே. அதைத்தான் அவர்கள் மூவரும் நாளுக்கு நாள் சிறுக்கவைத்துக்கொண்டிருந்தனர்.

சயந்தினி கதிரையிற் போய் அமர்ந்தாள். அவளுடைய மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கைக்கடிகாரம் இருந்தது. ஒவ்வொரு மணித்தியாலமும் முடிவதற்குப் பத்து நிமிடம் இருக்கையில், தரித்தவள் எழும்பாமலே இருந்தால், அது அதிர்ந்து எழுந்து நிற்கும்படி பணிக்கும். அவளும் எழுந்து, கதிரையின் கையைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நிற்பாள், கடிகாரம் பாராட்டும், மீண்டும் அமர்வாள். கதிரையை விட்டு எழும்பியதற்காக ஒருவர் பாராட்டுப் பெறுவதை மடத்துவெளி அதற்குமுன் கண்டதில்லை.

"இஞ்சை ஒரே வெயில்," என்று அலுத்துக்கொண்டாள் அவள். "ரொறன்ரோவிலை என்ரை சிநேகிதியள் எல்லாரும் நடந்து தள்ளுகினம். ஆர் எவ்வளவு நடந்தது எண்டு கடிகாரம் எண்ணி எல்லாற்றை போனிலையும் காட்டும். நான்தான் பின்னுக்கு நிக்கிறன். பவதாரணி, நீர் எப்பிடியும் தண்ணிக்குப் போறனீர்தானே? இதைக் கையிலை கட்டிக்கொண்டு போட்டு வாரும்."

பவதாரணியின் முகம் மலர்ந்தது. மனிதர் சொன்னால் நம்பாதவர்கள் கருவி சொன்னால் நம்புவார்கள் என்று அவள் எண்ணினாள். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, அலுமினியக் குடத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். வீட்டுக் கிணற்று நீர் உவர். சயந்தினியின் தலைமயிர் அதைப் பொறுக்காதாம். ஆதலால் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மாத்திரமன்றி, அவள் முழுகுவதற்கும் நல்ல தண்ணீரே வரவேண்டியிருந்தது. காற்று எதிரே நின்று தள்ளத் தள்ள, பவதாரணி குடம் குடமாகச் சுமந்தாள். பிறகு முற்றம் கூட்டினாள், உடுப்புத் தோய்த்தாள், அம்மியில் அரைத்தாள். இடையிடையே கடிகாரம் மணிக்கட்டில் மெல்ல அதிரும்போது, யாரோ ஒருவர் தன் பக்கம் நின்று தலையாட்டுவதுபோல அவளுக்கு இருந்தது.

மதியம் குத்தரிசிச் சோறும் அறக்குளா மீன் குழம்பும் பொரியலும் மேசைக்கு வந்தன. சயந்தினி கடிகாரத்தைக் கழற்றி வாங்கினாள், போனை எடுத்துப் பார்த்தாள், கதிரையில் துள்ளினாள்.

"ஐயோ, பாருங்கோ! எல்லாரையும் முந்திப் போட்டன். எத்தினை கலோரி எரிச்சுக் கிடக்கு! மாமி, இண்டைக்கு நான் கட்டுப்பாடில்லாமல் சாப்பிடலாம். இன்னொரு அகப்பை போடுங்கோ. அந்தப் பெரிய பொரியல் துண்டையும் வையுங்கோ."

சறோஜினிதேவி மகிழ்ச்சியோடு பரிமாறினாள். பவதாரணியும் தன் கோப்பையை நீட்டினாள்.

"அம்மா, எனக்கும் ஒரு அகப்பை."

தாயின் கை சோற்றுப் பானைக்கு மேலே நின்றுவிட்டது. அவள் மகளைப் பார்க்கவில்லை, விருந்தாளியைப் பார்த்தாள்.

"உமக்கு அரை அகப்பைதானே சொன்னனான்?" என்றாள் சயந்தினி, மீன் முள்ளை எடுத்தபடி.

"நடந்தது நான்தானே, மச்சாள்?"

"நீர் தண்ணியெல்லோ அள்ளினனீர்? அது வீட்டு வேலை. கடிகாரம் என்ரை பேரிலை கிடக்கு. அப்ப கணக்கும் என்ரை பேரிலைதானே?"

"சரியாச் சொன்னீர், பிள்ளை," என்று வல்லிபுரத்தார் சிரித்தார். "உங்கடை நாட்டுச் சாமான் உங்களுக்குத்தானே உழைக்கும்."

சறோஜினிதேவியும் சிரித்தாள். பவதாரணி கோப்பையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தான் சுமந்த குடங்கள் ஒவ்வொன்றும் எதிரே அமர்ந்திருந்த வாய்க்குள் சோறாகப் போவதை இறுதிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் நான்கு மணிக்குச் சயந்தினி கண் விழித்தாள். முழுகவேண்டும் என்றாள். தொட்டியில் நல்ல தண்ணீர் முடிந்திருந்தது.

"பிள்ளை, மச்சாளுக்குத் தண்ணி!" என்று தாய் குரல் கொடுத்தாள்.

"நில்லும், இதையும் கட்டிக்கொண்டு போம்," என்று சயந்தினி கடிகாரத்தை நீட்டினாள். "ரொறன்ரோவிலை இப்பதான் விடிஞ்சிருக்கும். அவளவை எழும்பமுதல் இன்னும் கொஞ்சம் ஏத்திவிடுவம்."

பவதாரணி அதை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். பானையில் இருந்த சோற்றைத் தன் கோப்பையில் நிறையப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், எஞ்சியிருந்த பொரியலையும் வைத்தாள். அவசரமின்றிப் பிசைந்து, வயிறு நிறைய உண்டாள். கோப்பையைக் கழுவவில்லை.

பின்னர் வெறுங் குடத்தைக் கொண்டுவந்து விறாந்தையின் நடுவில், சயந்தினியின் கதிரைக்கு முன்னால் வைத்தாள். கடிகாரத்தை அதனுள்ளே போட்டாள். அலுமினியம் கணீரென்றது.

"என்னடி இது?" என்றார் தந்தை.

"குடத்தோடை நடந்தால் அது நடை இல்லை எண்டு நீங்கள் எல்லாரும்தானே சொன்னியள், அப்பா? அதுதான் குடத்தை விட்டிட்டு நடக்கப் போறன்."

"சனம் பாக்கும்!"

"குடத்தோடை போகேக்கையும் அந்தச் சனம்தான் பாத்தது."

சயந்தினியின் குரல் உயர்ந்தது. "படலையைத் தாண்டினீரோ, கலியாணம் இல்லை! தம்பியிட்டை இப்பவே சொல்லிப்போடுவன்!"

"சொல்லுங்கோ, மச்சாள். எல்லாத்தையும் சொல்லுங்கோ. மத்தியானம் ஆர் நடந்தது, ஆர் சாப்பிட்டது எண்டும் சொல்லுங்கோ."

படலை திறந்தது, காற்று அதை அடித்துச் சாத்தியது. பவதாரணி இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு, றோட்டின் நடுவால் கிணற்றையும் தாண்டி நடந்துபோனாள்.

விறாந்தையில் மூவரும் குடத்தைச் சுற்றி அமர்ந்திருந்தனர். தண்ணீர் வேண்டும் என்பது மூவருக்கும் தெரியும். குடம் ஓர் எட்டுத் தூரத்தில் இருந்தது. வல்லிபுரத்தார் மனைவியைப் பார்த்தார். மனைவி விருந்தாளியைப் பார்த்தாள். விருந்தாளி தன் பூச்சுப் பூசிய நகங்களைப் பார்த்தாள்.

அப்போது குடத்தின் அடியிலிருந்து அலுமினியம் முழுவதும் அதிரும்படி ஒரு முழக்கம் எழுந்தது. மூவரும் திடுக்கிட்டு எட்டிப் பார்த்தனர். உள்ளே கடிகாரம் ஒளிர்ந்து, எழுந்து நிற்கும் நேரமாகிவிட்டது என்று அறிவித்துக்கொண்டிருந்தது.

எவரும் எழுந்திருக்கவில்லை. நேரம் சரியாக மாலை நான்கு மணி ஐம்பது நிமிடம்.