குளிர் அறையில் பஞ்சு

வெப்பக் கேமராவின் திரையில் நாத்தனாரின் எலி ஜொலித்தது. தோள்பட்டைகளுக்கு நடுவே சிவப்பாய் ஒரு திட்டு. பழுப்புக் கொழுப்பு இருக்கும் இடம்.

"பாத்தீங்களா அண்ணி? என் மருந்து கதவைத் திறந்துடுச்சு!"

அந்தக் கதவு செல்லுக்குள் இருக்கிறது. அங்கே மைட்டோகாண்ட்ரியா ஒரு குட்டி அணைக்கட்டு. கொழுப்பை எரித்துப் புரோட்டான்களைத் தேக்கும். அவை சுழலி வழியே பாய்ந்தால் உடம்புக்குச் சக்தி. பழுப்புக் கொழுப்பில் மட்டும் பக்கவாட்டில் ஒரு புரதக் கதவு உண்டு. குளிரடித்தால் திறக்கும். புரோட்டான்கள் சுழலிக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு அதன் வழியே நழுவ, அத்தனை சக்தியும் வெப்பமாகிவிடும்.

அண்ணிக்கு வயிறு எரிந்தது. ஆய்வகத்தில் நிரந்தர வேலை ஒன்றே ஒன்றுதான், போட்டி இவர்கள் இருவருக்கும். இவளை இங்கே சேர்த்துவிட்டதே அண்ணிதான். காலையில் கணவன் வேறு, "என் தங்கச்சி மூளையே மூளை" என்று காபியை உறிஞ்சியிருந்தான்.

மருந்தாவது மண்ணாவது! குளிரில் வைத்தால் எந்த எலியும்தான் சுடும்.

ஆனால், ஒருவேளை பலித்துவிட்டால்?

மறுநாள் பேராசிரியர் முன்னால் இறுதிச் சோதனை. பாதி எலிகளுக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். குளிர் அறைக் கூண்டுகளில் பஞ்சு வைக்கக் கூடாது. வைத்தால் எலி கூடு கட்டிக் கதகதப்பாகப் படுத்துவிடும், கதவும் மூடிக்கொள்ளும்.

எல்லோரும் சாப்பிடப் போன நேரம் அண்ணி தன்னிடமிருந்த சாவியால் குளிர் அறையைத் திறந்து உள்ளே நுழைந்தாள். மருந்து கொடுத்த கூண்டுகளில் மட்டும் பஞ்சைத் திணித்தாள்.

பேராசிரியர் வந்தார். பஞ்சைப் பார்த்து முகம் சுளித்தார். விலக்கிவிட்டுக் கேமராவைப் பிடித்தார். திரையில் சிவப்பு! அடுத்த கூண்டு. அதுவும் சிவப்பு!

"கதகதப்பா கூட்டுக்குள்ள படுத்துக்கிட்டும் சுடுதே! அப்ப குளிர் இல்லம்மா, உன் மருந்துதான்! பஞ்சு இல்லாட்டி குளிரே எல்லா எலியையும் சுட வெச்சிருக்கும், வித்தியாசமே தெரிஞ்சிருக்காது. பிரமாதமான யோசனை. யாரோடது?"

"நான் வைக்கல சார்," என்றாள் நாத்தனார்.

"வெச்சவங்களுக்குத்தான் வேலையே குடுக்கணும்!"

அண்ணியின் வாய் முந்திக்கொண்டது. "நான்தான் சார்."

"அடேயப்பா! சொல்லவே இல்லையே அண்ணி!" நாத்தனார் ஓடிவந்து கையைப் பிடித்தாள். பிடித்தவள், உப்புத் தண்ணீர்க் கூண்டுகளைப் பார்த்தாள். எல்லாம் வெறுங்கூண்டுகள்.

பிடி தளர்ந்தது.

"ஒப்பிட்டுப் பாக்கணும்னா ரெண்டு பக்கமும் வெச்சிருக்கணுமே அண்ணி. என் எலிக்கு மட்டும் ஏன் வெச்சீங்க?"

அண்ணி கூண்டுகளிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

பேராசிரியர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "நாளைக்கு எல்லாக் கூண்டுலயும் பஞ்சு வெச்சு திரும்பச் செய்ம்மா. நீ மட்டும் இருந்தா போதும்."

பிறகு அண்ணியை நோக்கிக் கையை நீட்டினார்.

"குளிர் அறைச் சாவி."