புடவைக்கு நாலு அந்துருண்டை

“நான் பீரோவைத் திறந்தா, ஆத்துக்கு அந்தப் பக்கம் மலைக்கோட்டையில பல்லி மயங்கி விழும்” என்று லிஃப்டில் அறிவித்தாள் ஆனந்தவள்ளி. கூட நின்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். எதிர் வீட்டுக் கலைமதி மட்டும், “எத்தனை பல்லியை நேர்ல பாத்தீங்க?” என்றாள்.

கலைமதிக்கு வயிறு எரிந்தது பல்லியால் அல்ல. காலேஜ் ஆராய்ச்சி மாணவி சம்ரீன், வீட்டுக் காற்றில் அந்துருண்டை ஆவி எவ்வளவு இருக்கிறது என்று அளக்க, அந்த ஸ்ரீரங்கம் ஃபிளாட்ஸில் பதினான்கு வீடுகளிலும் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை ஒரு வாரம் தொங்கவிட்டிருந்தாள். லேபிலிருந்து கணக்கு வந்தது. ஆனந்தவள்ளி வீடு முதலிடம். கலைமதி வீடு பதினான்காவது. வேப்பிலையும் மிளகும் போட்ட பீரோவுக்கு அவ்வளவுதான் மரியாதை. அன்றிலிருந்து ஆனந்தவள்ளி நடப்பதே, ஜவுளிக்கடை பொம்மைக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது கலைமதியின் கண்ணுக்கு.

அடுத்த மாதம் மறுபடி அளப்பார்கள். கலைமதி பஸ் பிடித்துக் காந்தி மார்க்கெட் போய், இரண்டு கிலோ அந்துருண்டையோடு திரும்பினாள். புடவைக்கு நாலு. மிச்சம் தலையணை உறைக்குள், டிவிக்குப் பின்னால், கடிகாரத்தின் தலையில். உள்ளே வந்த கொசு வாசலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனது. ஸ்ரீரங்கத்துக் கொசு லேசில் மன்னிப்புக் கேட்கிற ரகமில்லை.

“ஏம்மா, நான் என்ன கம்பளிச் சட்டையா?” என்றார் கணவர் ரங்கசாமி, நெற்றியைப் பிடித்துக்கொண்டு.

“ஒரு வாரம் பொறுத்துக்குங்க. மானப் பிரச்சினை.”

மறுபடி அளந்து, முடிவு சொல்ல சம்ரீன் வந்தபோது, கலைமதி வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

“உங்க வீடுதான் அதிகம் ஆன்ட்டி.”

“எதிர் வீட்டை விடவா? கொஞ்சம் சத்தமா சொல்லும்மா.”

“போன தடவை அவங்களுக்கு வந்ததை விட நாலு மடங்கு.”

கலைமதி ராஜகோபுரத்தைக் குனிந்து பார்க்கிற உயரத்துக்குப் போய்விட்டாள்.

“ஆனா இது மார்க் இல்ல ஆன்ட்டி. இந்த ஆவி உடம்புக்கு ஆகாது, தலைவலி வரும். கம்மியா இருந்தாத்தான் நல்லது. அவங்ககிட்ட போன தடவையே சொன்னேன். அன்னைக்கே எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. இந்தத் தடவை நல்ல காத்துல அவங்கதான் முதல்.”

இதிலும் முதல். எதிர் வாசலில் ஆனந்தவள்ளி பல் தெரிய நின்றாள்.

“ஏங்க, இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்றாள் கலைமதி.

“நீங்க பல்லியைப் பத்தித்தானே கேட்டீங்க.”

கலைமதி உள்ளே போய் ஜன்னல்களைத் திறந்தாள். அதே வேகத்தில் பீரோவையும் இழுத்துத் திறந்தாள். உள்ளிருந்து கிளம்பிய நெடியில் காலண்டர் கூட முகம் திருப்பியது. பீரோவுக்கு மேலே சுவரில் இருந்த பல்லி, நாலு காலையும் விட்டுவிட்டு, வேடிக்கை பார்க்க வந்த ஆனந்தவள்ளியின் காலடியில் தொப்பென்று விழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்துவிட்டு, தள்ளாடியபடி ஜன்னல் பக்கம் போனது.

“விழுந்துச்சா, இல்லையா?” என்றாள் ஆனந்தவள்ளி.

கலைமதி புடவைகளை மொட்டை மாடிக்கு அள்ளிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“விழுந்துச்சு, ஒத்துக்கிறேன். ஆனா திறந்தது என் பீரோ.”